பதினொன்றாம் பிறை

பெருநாள் காலையில் பூனு தன் பெண்டாட்டியின் பல்லை உடைத்தான்.

பெருநாள் என்பது அவன் கணக்கு. முந்தின நாள் மாலை லாமு தீவில் ஒருத்தர் கண்ணிலும் பிறை படவில்லை. முக்கால்வாசி ஊர் அன்று முப்பதாவது நோன்பு பிடித்திருந்தது. மக்காவில் பிறை கண்டாயிற்று என்று அறிவித்தது பூனு தொழுகிற பள்ளிவாசல். அவன் வெள்ளை அங்கி மாட்டி, அத்தர் பூசி, தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தான். ஸிதி நோன்போடு நின்று அவனுக்கு நெய்ச்சோறு ஆக்கிப் போட்டாள். தான் ஒரு பருக்கை தொடவில்லை.

"பெருநாள் அன்னிக்கு நோன்பு ஹராம்டி. வாயைத் திற."

"பிறை தெரியல. நான் பிடிச்சிருக்கேன்."

தாடையை அமுக்கிப் பேரீச்சம்பழத்தைத் திணித்தான். அவள் துப்பினாள். குத்தினான். பழத்தோடு முன்பல் இரண்டும் பாயில் விழுந்தன.

ஷேலாவிலிருக்கும் அண்ணன் வீட்டுக்குக் கடற்கரையோரமாகவே நடந்து போனாள். ஒரு சொட்டு ரத்தம் தொண்டைக்குள் இறங்கக் கூடாதென்று வழியெல்லாம் துப்பிக்கொண்டே போனாள். அந்தி மஃரிப் பாங்கு வரை நோன்பை விடவில்லை. நெஞ்சழுத்தம் என்றால் அதுதான் நெஞ்சழுத்தம்.

மூன்றாம் நாள் அவள் அண்ணன் ஷெகுவே சேதி கொண்டுவந்தான். பூனுவின் படகில் கழி ஊன்றுகிறவனும், எதிர்த்தீவிலிருக்கும் தக்வா இடிபாடுகளைச் சுற்றிக்காட்டுகிறவனும் அவன்தான். "கடல் பொய் சொல்லாதாம் மச்சான். உங்க கணக்குல பன்னிரண்டாம் பிறை அன்னிக்குத் தக்வாவுக்கு ஆள் ஏத்திட்டுப் போங்க. சாயங்காலம் அஸர் தொழுகை வரைக்கும் அங்க ஓடையில தண்ணி நின்னா அவளே திரும்பி வந்து மன்னிப்புக் கேப்பாளாம்."

"நிக்கலைன்னா?"

"அதுக்கு நீங்கதான் பதில் சொல்லணுமாம்."

இந்தக் கரையில் குழந்தைக்குக்கூடத் தெரியும்: பிறை ஒரு நாள் கூடினால் கடலேற்றம் முக்கால் மணி நேரம் தள்ளி வரும், தள்ளியே வடியும். தக்வா ஓடையோ ஏற்றம் வடிந்தால் வெறும் சேறு. அன்று பன்னிரண்டாம் பிறை என்றால் அஸர் வரை தண்ணீர் நிற்கும்; பதினொன்று என்றால் அதற்கு முன்பே வற்றிவிடும். பூனுவுக்கு அவள் வேண்டும். வீடு பாழடைந்து கிடந்தது. பத்து நாளாகத் தண்ணீர் அவன் கணக்குக்கு முன்னாலேயே வடிந்துகொண்டிருந்ததையும் அவன் பார்த்தான். காற்றுதான் காரணம் என்றான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தான்.

அன்று நைரோபிக்காரர் முட்டிசோவும் அவர் மனைவியும் ஏறினார்கள். கண்டல் காட்டுக்குள் ஓடை நிறைந்து கிடந்தது. தூண் வைத்த கல்லறையையும், கூரை போன பள்ளிவாசலையும், பொந்து விழுந்த பெருக்க மரத்தையும் ஷெகுவே காட்டினான். அந்த அம்மாள் ஒவ்வொரு கல்லாகப் படம் எடுத்தாள். பூனு மர நிழலில் உட்கார்ந்து ஓடையையே பார்த்தான். வேர்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

"இறங்குது மச்சான்," என்றான் ஷெகுவே. "இப்பவே கிளம்பினா தப்பிச்சோம்."

கிளம்பினால் தோற்றான், ஸிதி வர மாட்டாள். "அஸருக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. உக்காரு."

ஆண்பிள்ளை வீம்புக்கு மருந்து ஏது? அரை மணி கழித்து, தண்ணீர் கண்முன்னே வற்றுவதைப் பார்த்துப் படகில் ஏறி, பாதி ஓடை தாண்டுவதற்குள் அடிப்பலகை சேற்றில் குந்திவிட்டது. பூனு கழியைப் பிடுங்கி ஊன்றினான். கழிதான் இறங்கியது. படகு அசையவில்லை.

ஷெகுவே சிரித்தான். "இதுவும் காத்துதானா மச்சான்?"

கழி சுழன்று அவன் காதில் விழுந்தது. முட்டிசோவின் சட்டையில் ரத்தம் தெறித்தது. ஷெகுவே காதைத் தொட்டுக் கையைப் பார்த்தான். "அவராக் கை நீட்டாத வரைக்கும் தொடாதேன்னு ஸிதி சத்தியம் வாங்கினா. நீட்டிட்டே!" என்று பூனுவின் கழுத்தைப் பிடித்துச் சேற்றுக்குள் இழுத்தான்.

உருண்டார்கள். வேரில் ஒட்டியிருந்த சிப்பிகள் பூனுவின் முதுகைக் கிழித்தன. அவன் கையில் கிடைத்த காதைத் திருகினான். ஷெகுவே அலறிக்கொண்டே அவன் மூக்கில் முட்டினான். எலும்பு நொறுங்கும் சத்தம் படகு வரை கேட்டது. நெஞ்சில் ஏறி உட்கார்ந்து கை நிறையச் சேற்றை அள்ளினான்.

"வாயைத் திறடா! பெருநாள் சாப்பாடு! திற!"

மச்சான் என்று கூப்பிட்ட ஷெகுவேயின் வாய் ‘டா’ போட்டது. தாடையை அமுக்கித் திணித்தான். இன்னொரு கை திணித்தான். பூனுவின் கால்கள் சேற்றை உதைத்தன. முட்டிசோ இறங்கி ஷெகுவேயின் இடுப்பைப் பிடித்து இழுத்தார். முழங்கை பட்டு அவர் உதடும் கிழிந்தது. "எங்களைக் கரையில விட்டுட்டு அப்புறம் வெட்டிக்கிட்டுச் சாவுங்கய்யா!"

ஷெகுவேயின் முஷ்டி பூனுவின் வாய்க்கு நேரே ஓங்கியது. அப்படியே நின்றது.

"பல்லைத் தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்கா," என்றான் அழுதுகொண்டே. "பதில் சொல்ல உனக்கு வாய் வேணுமாம்."

படகை அங்கேயே போட்டுவிட்டு, தீவின் மறுபக்கம் ஏறிக் கடற்கரையோடு நாலு பேரும் நடந்தார்கள். ஷேலாவுக்கு எதிரே வந்ததும் யாரோ ஒரு மீன்காரர் ஏற்றிக்கொண்டார். மஃரிபுக்குக் கொஞ்சம் முன்னால் ஷேலா துறையில் இறங்கினார்கள். ஸிதி நின்றிருந்தாள். அண்ணனின் காதைப் பார்த்தாள், புருஷனின் மூக்கைப் பார்த்தாள். படகைத் தேடவில்லை.

"தண்ணி நின்னுச்சா?"

"காத்து..." என்று ஆரம்பித்தான் பூனு. வாயிலிருந்து சேறு வழிந்தது. துறையில் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நிக்கல."

"அப்ப இன்னிக்கு எத்தனாம் பிறை?"

"பதினொன்னு."

"அப்ப அன்னிக்கு?"

"நோன்பு. உனக்கு நோன்புதான்." அவன் உடைந்து அழுதான். "வீட்டுக்கு வா ஸிதி."

"உங்களுக்கும் நோன்புதான். நெய்ச்சோறு தின்னீங்க." பல் போன இடத்தில் காற்று சீறியது. "விட்ட நோன்பை இன்னொரு நாள் பிடிச்சு ஈடு கட்டிக்கலாம். பல்லை எந்த நாள்ல ஈடு கட்டுவீங்க?"

பாங்கு சொன்னார்கள். அவள் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு அவன் வீட்டுக்கே திரும்பிப் போனாள்.