நாலு நிமிஷ எஞ்சின்

மாகறல் பக்கத்து ஏரியில் அந்தப் படகு சரியாக நாலு நிமிஷம் ஓடியது. பிறகு இருமியது, குரல் கம்மியது, நடு ஏரியில் நின்றுவிட்டது. கரையில் நின்று பிரவீனா பார்த்துக்கொண்டிருந்தாள். எஞ்சினுக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து அனுப்புகிற கார்புரேட்டரைப் புதுசாக மாட்டியவள் அவள்தான்.

அவள் அண்ணன் ஜோசுவா செவிலிமேட்டில் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்த பிரவீனா, வேறு வேலை கிடைக்கும்வரை என்று சொல்லிக்கொண்டு அங்கே ஸ்பேனர் பிடிக்க ஆரம்பித்து ஒன்றரை வருஷமாகிறது. யாராவது வந்தால் வண்டிக்குப் பின்னால் குனிந்துகொள்வாள். பேச்செல்லாம் ஜோசுவாதான். அந்த வேலை அவளுக்குப் பிடித்துப் போயிருந்தது. அதை வாய்விட்டுச் சொல்லத்தான் தெரியவில்லை. இதற்குள் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் அவளுக்கு இடம் பார்த்தாகிவிட்டது. திங்கட்கிழமை விடிகாலையில் கம்பெனி பஸ் தெருமுனைக்கே வரும்.

"இந்த போட் ஓடிச்சுன்னா நீ இங்கியே இரு, நான் ஒண்ணியும் கேக்க மாட்டேன். ஓடலன்னா திங்கக்கிழம பஸ் ஏறு" என்று ஜோசுவா சொல்லியிருந்தான். இன்று சனிக்கிழமை.

படகு ஆனந்தராஜுடையது. கல்யாணப் புடவை எடுக்கக் காஞ்சிபுரம் வருகிற குடும்பங்கள், எடுத்த கையோடு மாப்பிள்ளை பெண்ணை ஏரியில் உட்காரவைத்துப் படம் எடுத்துக்கொண்டு போவது இப்போது வழக்கமாகிவிட்டது. அதை நம்பித்தான் பழவேற்காட்டிலிருந்து பழைய படகு ஒன்றை வாங்கி வந்திருந்தான். சித்திரையில் எஞ்சின் மக்கர் செய்ய ஆரம்பித்ததும் அதை மட்டும் கழற்றி, மினி வேனில் ஏற்றி, ஒர்க்‌ஷாப்பில் கொண்டுவந்து இறக்கினான்.

ஜோசுவா பழைய கார்புரேட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "கழுவி மாட்னா போதும்" என்றான். பிரவீனா உள்ளே வெள்ளையாகப் பூத்திருந்ததையும், பெட்ரோலை அளந்து விடுகிற ஊசி தேய்ந்திருந்ததையும் காட்டினாள். "இது போயிடுச்சுண்ணா. புதுசுதான் போடணும்." அவ்வளவு உறுதியாக அவள் எதையும் சொன்னதில்லை. அந்த வியப்பிலேயே அவன் ஒத்துக்கொண்டான்.

சென்னையிலிருந்து புதுசு வந்தது. ஓட்டிப் பார்ப்பதற்காக எஞ்சினைத் தண்ணீர் டிரம்மில் இறக்கினார்கள். டூவீலருக்குச் செய்வதுபோலவே, அடியில் துளை போட்ட ஒரு பாட்டிலில் பெட்ரோல் ஊற்றி, ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுகிற மாதிரி ஆணியில் தலைகீழாகத் தொங்கவிட்டு, டியூபை மாட்டினார்கள். அரை மணி நேரம் நிற்காமல் ஓடியது. அன்று இரவு பிரவீனா நிம்மதியாகத் தூங்கினாள்.

இங்கே வந்தால் நாலு நிமிஷம்.

ஆனந்தராஜ் துடுப்புப் போட்டுக் கரைக்கு வந்தான். ஜோசுவா டேங்க் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தான். பெட்ரோல் நிறைய இருந்தது. பிளக்கை மாற்றினான். கயிற்றை இழுத்ததும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. "பிளக்குதாம்பா" என்றான். நாலு நிமிஷம். நின்றது.

மறுபடி துடுப்பு. மறுபடி மூடியைத் திறந்து பார்த்தான். கார்புரேட்டரின் நட்டுகளை இறுக்கினான். ஓடியது. நாலு நிமிஷம்.

மூன்றாவது தடவை ஆனந்தராஜே மூடியைத் திறந்து பார்த்தான். மூடிவிட்டு, பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துப் படகின் மூக்கடியில் வைத்து நசுக்கினான். எஞ்சின் ஒரே இழுப்பில் ஓடியது. ஏரி நடுவில் அவன் கையெடுத்துக் கும்பிடுவது தெரிந்தது. கும்பிட்ட கை இறங்குவதற்குள் நின்றது.

"எலுமிச்சங்காயும் நாலு நிமிஷந்தான் தாங்குது" என்றான் ஜோசுவா.

"சிரிச்சிக்கினு இரு நீ. நாலு மணிக்கு ஆரணியில இருந்து பொண்ணு வீடு வந்துடும். துடுப்பு போட்டா போட்டோ புடிக்கிறது?" என்றான் கரையேறிய ஆனந்தராஜ். பிறகு பிரவீனாவின் பக்கம் திரும்பினான். "ஏம்மா, பழசு போயிடுச்சுன்னு நீதானே சொன்ன?"

அவள் தலையாட்டினாள். அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. காற்று வேகமாகப் போகும் இடத்தில் அழுத்தம் குறையும், அங்கே பெட்ரோல் மேலேறி வரும் என்று பரீட்சையில் படம் போட்டு எழுதியவள். அந்தப் படத்தில் நாலு நிமிஷம் என்று எதுவும் கிடையாது. பிளக் காரணமென்றால் நட்டு எப்படிக் காரணமாகும்? நட்டு என்றால் எலுமிச்சை? மூன்றுக்கும் ஓடியிருக்கிறது. அப்படியென்றால் மூன்றுமே காரணமில்லை. மூன்று தடவையும் வேறு ஏதோ ஒன்று நடந்திருக்கிறது.

"கொஞ்ச நேரம் யாரும் எதையும் தொடாதீங்க" என்றாள். அவளுக்கே தன் குரல் சத்தமாகக் கேட்டது.

சூடு ஆறுவதால்தான் ஓடுகிறதா என்று பார்க்கப் பத்து நிமிஷம் காத்திருந்தாள். பிறகு படகில் ஏறி, எதையும் திறக்காமல் கயிற்றை இழுத்தாள். எஞ்சின் அசையவில்லை. பதினைந்து தடவை இழுத்தாள், உள்ளங்கை சிவந்தது. டேங்கிலிருந்து எஞ்சினுக்குப் போகும் டியூபின் நடுவே ஒரு ரப்பர் உருண்டை உண்டு. அது சப்பிப் போட்ட மாங்கொட்டைபோல ஒட்டிக் கிடந்தது.

டேங்க் மூடியை மட்டும் திருகினாள். புஸ் என்று காற்று உள்ளே போனது. ரப்பர் உருண்டை மெல்ல உப்பிக்கொண்டது. கயிற்றை இழுத்தாள். ஓடியது.

மூடியைத் திருப்பிப் பார்த்தாள். நடுவில், பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்றுப் போக வேண்டிய துளையின் மேல் சாம்பல் நிறத்தில் ஏதோ கெட்டியாக அப்பியிருந்தது.

"இது என்னாதுண்ணா?" என்று ஆனந்தராஜிடம் கேட்டாள்.

"அதுவா? பைப் லீக்குக்கு போடற பசம்மா. பங்குனியில ஒரு பொண்ணு, முகூர்த்தப் புடவ மேல பெட்ரோல் வாசன ஏறிடுச்சுன்னு அழுது, மாமியாக்காரி என்ன உண்டு இல்லன்னு ஆக்கிட்டா. பட்டுல ஏறுன வாசன போவாதாம். அதான் அடச்சிட்டேன்."

"பங்குனியில அடச்ச. சித்திரையில மக்கர்" என்றான் ஜோசுவா மெதுவாக. "டேங்க ஏன்பா ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துக்கினு வரல?"

"எஞ்சின் ரிப்பேருக்கு டேங்கு எதுக்குன்னு நெனச்சேன்."

சின்ன ஸ்க்ரூ டிரைவரை வைத்துத் தட்டியதும் பசை ஓடுபோல உடைந்து விழுந்தது. இந்த முறை படகு ஏரியை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தது. ஜோசுவா விசிலடித்தான்.

பிரவீனாவால் சிரிக்க முடியவில்லை. பாட்டிலின் அடித்துளை வழியே காற்றுப் போய்க்கொண்டே இருந்தது. இந்த டேங்க் அங்கே வரவேயில்லை. அதனால்தான் ஒர்க்‌ஷாப்பில் ஓடியது. அப்படியென்றால் பழைய கார்புரேட்டர் என்ன தப்புச் செய்தது? அது அவள் பையில், துணியில் சுற்றியபடி இருந்தது. பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. படகு ஓடிவிட்டது, பஸ் ஏற வேண்டாம்.

படகு கரைக்கு வந்ததும் அவள் ஸ்பேனரை எடுத்தாள்.

"என்னா பண்ற?" என்றான் ஜோசுவா.

"பழச மாட்டிப் பாக்கணும்."

"பைத்தியமா நீ? ஓடற எஞ்சின ஏண்டி கழட்டற!"

அவள் நட்டுகளைக் கழற்ற ஆரம்பித்தாள். முக்கால் மணி நேரம் ஆனது. பழைய கார்புரேட்டரோடு எஞ்சின் கொஞ்சம் கரகரத்தது. ஆனாலும் ஓடியது. நாலு நிமிஷம், பத்து நிமிஷம், இருபது.

"ஆனந்தராஜண்ணா" என்றாள். கண் தண்ணீரையே பார்த்தது. "பழசு நல்லாதான் இருக்குது. நான்தான் தப்பா சொல்லிட்டேன்."

ஆனந்தராஜ் தலையைச் சொறிந்தான். "எனக்கு ஒண்ணும் புரியலம்மா. நான் அடச்சேன், நீ மாத்துன. இப்ப எது இருக்கட்டும்?"

"புதுசே இருக்கட்டும். பழசுல ஊசி தேஞ்சதும் நெசந்தான். அப்புறம் எப்டி ஓடுதுன்னுதான் தெரியல."

"சரி, தொளைய தொறந்துட்ட. மறுபடியும் வாசன வருமே, பட்டுப்புடவைக்கு என்னா பண்றது?" இதை ஜோசுவாவிடம் கேட்கவில்லை, அவளிடம்தான் கேட்டான். குனிந்துகொள்ள அங்கே வண்டி எதுவும் இல்லை.

"டேங்க கடைசிக்குத் தள்ளி வைங்க. போட் முன்னால போறப்போ வாசன பின்னால போயிடும். அவங்கள முன்னாடி உக்கார வைங்க."

புதுசை மறுபடி மாட்டி முடித்தபோது ஜோசுவாவின் போன் அடித்தது. கம்பெனி சூப்பர்வைசர் இளவரசி. திங்கட்கிழமை வருகிறவர்களின் பட்டியல் கேட்கிறாள். ஜோசுவா போனைக் கையால் பொத்திக்கொண்டான்.

"போட் ஓடிச்சுன்னா இருன்னு சொன்னேன். இது பழசுலயும் ஓடுது, புதுசுலயும் ஓடுது. நீ சொன்னதும் தப்பு, கண்டுபுடிச்சதும் நீ. நான் என்னான்னு சொல்றது?" போனை அவளிடம் நீட்டினான். "நீயே சொல்லு."

ஜெயித்தோமா தோற்றோமா என்று அவளுக்கும் தெரியவில்லை. கிரீஸ் கையோடு போனை வாங்கினாள்.

"நான் வரலக்கா."

"ஏம்மா? வேற வேல கெடச்சிடுச்சா?"

பிரவீனா படகின் பலகைமேல் கிடந்த பழைய கார்புரேட்டரைப் பார்த்தாள்.

"ஆமாக்கா" என்றாள். "ஒண்ணு இன்னும் புரியல. அதப் பாத்தாவணும்."