அலமாரிக்குள் பருத்தி

எனக்குக் கோபம் சட்டென்று வரும். பாளையம்பட்டியில் என் ஆடியோ கடைக்கு வந்து போகிறவர்கள் எல்லோருக்கும் அது தெரியும். அப்படியிருந்தும் ஒரே வாரத்தில் மூன்றாவது தடவையாக அழகுத்தாய் மதினி போன் செய்தார்கள். "தம்பி, செட்டு நின்னு போச்சு, வந்துட்டுப் போங்க." அவ்வளவுதான். மதினிக்குக் காது மந்தம். நாம் பதில் சொன்னாலும் கேட்காது என்பதால், சொல்ல வேண்டியதைக் கத்திச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுவார்கள். நான் திட்டியதெல்லாம் எனக்கே கேட்டதோடு சரி.

சித்திரை வெயிலில் வண்டியை எடுத்துக்கொண்டு எம்.ரெட்டியபட்டிக்குக் கிளம்பினேன். போகிற வழியெல்லாம் மனசுக்குள் மதினியின் வீட்டுக்காரர் நல்லகண்ணு அண்ணாச்சியைத் திட்டிக்கொண்டே போனேன். அந்த செட்டை நானே என் கையால் அசெம்பிள் செய்து கொடுத்தேன். ஆறு மாதத்துக்குள் நிற்கிற சரக்கை நான் யாருக்கும் கொடுத்ததில்லை.

அது பாட்டுக் கேட்கிற செட் இல்லை. அண்ணாச்சிக்குத் தொண்டையில் கட்டி. மாசியிலிருந்தே குரல் போய், பேசினால் வெறும் காற்றாகத்தான் வரும். காதருகே வந்து சொன்னால் எனக்குப் புரியும். மதினிக்குப் புரியாது. மதினியின் காதில் சீழ் வைத்து வைத்து ஆறுவதால், காதுக்குள்ளேயோ காதுக்கு மேலேயோ எதையும் மாட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மிஷினும் கிடையாது, ஹெட்போனும் கிடையாது. ஒருத்தருக்குக் குரல் இல்லை, ஒருத்தருக்குக் காது இல்லை. நாற்பது வருஷம் சேர்ந்து குடும்பம் நடத்திவிட்டு, ஒரே வீட்டில் இரண்டு ஊமைகளாக உட்கார்ந்திருந்தார்கள்.

அண்ணாச்சி என் கடைக்கு வந்து இதை என் காதில் ஊதினார். நல்ல மைக் ஒன்று, ஆம்ப்ளிபயர் ஒன்று, இரண்டு ஸ்பீக்கர் என்று சேர்த்துக் கொடுத்தேன். அண்ணாச்சி மைக்கில் ஊதினால் மதினிக்குத் தெளிவாகக் கேட்கும். முதல் நாள் மதினி, "அவுக கொரலு, அவுக கொரலு" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்ததை நான் மறக்க மாட்டேன்.

ஆனால் மதினிக்குக் கேட்பது தெருவுக்கும் கேட்டது. "முதுகுல அங்கன இல்ல, இன்னும் கீழ, ஆங், அந்த எடந்தான்" என்று அண்ணாச்சி சொன்னது பஸ் ஸ்டாப் வரைக்கும் போய்விட்டது. எதிர்வீட்டு ஒச்சம்மாள் ஒரு வாரம் அதையே சொல்லிக் காட்டினாள். அதற்குப் பிறகு செட்டைக் கண்ணாடிக் கதவு போட்ட மர அலமாரிக்குள் தூக்கி வைத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். முதல் இரண்டு தடவை நான் போனபோது செட்டைத் தனியாக வெளியே எடுத்து வைத்திருந்தார்கள். போட்டுப் பார்த்தால் நன்றாகப் பாடியது. "சூடாகியிருக்கும், காத்தாட வைங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இந்தத் தடவை சொல்லாமல் கொள்ளாமல் நேரே உள்ளே போய் அலமாரியைத் திறந்தேன்.

உள்ளே பருத்தி. ஆம்ப்ளிபயருக்கு மேலே, கீழே, இரண்டு பக்கம், பின்னால், ஸ்பீக்கருக்கு இடையில் என்று கை நுழைய இடமில்லாமல் அண்ணாச்சி பருத்தியைத் திணித்து வைத்திருந்தார். ஏனோதானோ பருத்தியும் இல்லை. செடியில் முதல் தடவை வெடித்ததைப் பறித்த முதல் எடுப்பு. தூசி துரும்பு பொறுக்கிய, பால் வெள்ளையான பருத்தி. வீட்டு மூலையில் மூட்டையாகக் கிடந்த விளைச்சலில் ஆக நல்லதைப் பார்த்துப் பார்த்து எடுத்து அடைத்திருக்கிறார். ஆம்ப்ளிபயரின் மேல்மூடி தோசைக்கல்லாகக் கொதித்தது. அதைத் தொட்டுக்கொண்டிருந்த பருத்தி பழுப்பேறியிருந்தது.

"அண்ணாச்சி, வீட்டுக்குத் தீ வைக்கப் பார்த்தீகளா? இது என்ன பச்சப் புள்ளையா, மெத்தை போட்டுப் படுக்க வைக்க?" என்று கத்தினேன். "இதுக்கு மூச்சு வேணும். கீழ்ப்பக்கம் குளுந்த காத்து நொழையணும், மேல்பக்கம் சூடு வெளியேறணும். நாலு பக்கமும் அடைச்சுட்டு, கண்ணாடிக் கதவையும் சாத்துனா, சூடு தாங்காம அதுவா நின்னுக்கிடும். நிக்காட்டி எரிஞ்சுபோகும். எத்தன தடவை சொன்னேன்?"

எதிரில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மதினி என் முகத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பிறகு, "காப்பி போடுறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போனார்கள்.

அண்ணாச்சி என் தோளைப் பிடித்து, காதருகே குனிந்தார்.

"சத்தம் வெளிய போகக் கூடாதுன்னுதான் தம்பி அடைச்சேன். அவகிட்ட ஒண்ணு சொல்லணும். தெருவுக்குக் கேக்கக் கூடாது. மூணு நாளாப் பாக்கேன். ஆரம்பிக்கதுக்கே எனக்கு அரை மணி நேரம் ஆவுது. ஆரம்பிச்சதும் இது நின்னு போவுது."

"அப்படி என்ன சொல்லணும்?"

சொன்னார். மூச்சு வாங்கி, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

கல்யாணமாகி ஒன்பது வருஷம் பிள்ளை இல்லை. அவருடைய அம்மா இரண்டாம் தாரம் கட்டச் சொல்லி நெருக்கி, திருச்சுழியில் ஒரு பெண்ணைப் பார்க்கக் கூட்டிப் போனார். பிறகு பெண் வீட்டில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அது நின்றுபோனது. அடுத்த வருஷமே மகள் சுமதி பிறந்துவிட்டாள். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதை வேறு. அதை மதினியே கல்யாண வீட்டிலும் களையெடுக்கிற காட்டிலும் நூறு தடவை சொல்லியிருக்கிறார்கள். 'எங்க வீட்டுக்காரரு பொண்ணு வீட்டுல தண்ணிகூட வாங்கிக் குடிக்காம எந்திரிச்சு வந்துட்டாரு' என்று. சொல்லும்போது அவர்கள் முகத்தில் ஒரு மினுக்கு வரும். நானே பார்த்திருக்கிறேன்.

"நான் எந்திரிச்சு வரல தம்பி" என்றார் அண்ணாச்சி. "சம்மதம்னு தலையை ஆட்டுனேன். ரெண்டாவது டம்ளர் காப்பியும் வாங்கிக் குடிச்சேன்."

"முப்பது வருசம் ஆச்சு, விடுங்க அண்ணாச்சி. அவுக பாட்டுக்குச் சந்தோசமா இருக்காக. இப்பப் போயி எதுக்கு?"

"நாளைக்குச் சாயங்காலம் மதுரைக்கு பஸ் ஏறுறோம். திங்கக்கெழமை ஆப்ரேசன். கொரல்வளையையே எடுத்துருவாக. அதுக்குப் பெறகு இந்தக் காத்தும் வராது. பேச முடியிறப்ப சொல்லாம இருந்தேன், அது ஒரு தப்பு. இனிமே சொல்லவே முடியாதுன்னு ஆயிட்டா அது பொய்யாவே நின்னுரும். எழுதிக் கொடுக்கலாம்னா அவளுக்கு வாசிக்கத் தெரியாது. யாரையாச்சும் வாசிக்கச் சொல்லுவா. வேற ஒருத்தர் வாயில இருந்து அவ இதைக் கேக்கலாமா?"

என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. வண்டியிலிருந்து டூல்ஸ் பையை எடுத்து வந்து வேலையில் இறங்கினேன்.

பருத்தியை அள்ளி இரண்டு சாக்கில் கட்டி வெளியே போட்டேன். கண்ணாடிக் கதவைக் கழற்றினேன். அலமாரியின் பின்பலகையில் கீழே நாலு, மேலே நாலு என்று உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை போட்டேன். பழைய ரப்பர் செருப்பை அறுத்து நாலு துண்டு ஆம்ப்ளிபயரின் காலுக்கு அடியில் வைத்தேன். அடியிலும் காற்றுப் போகட்டும். மேல் ஓட்டைக்கு நேராக, பழைய கம்ப்யூட்டரில் இருந்து எடுத்த குட்டி ஃபேன் ஒன்றைச் சூட்டை வெளியே தள்ளுகிற மாதிரி முறுக்கினேன். ஸ்பீக்கர்களை வெளியே எடுத்து மதினியின் நாற்காலியைப் பார்த்து வைத்தேன். செட்டைப் போட்டு, கால் மணி நேரம் மூடிமேல் கை வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்பு மட்டும்தான்.

"இனிமே நாள் பூரா பேசலாம் அண்ணாச்சி."

அண்ணாச்சி அந்த ஓட்டைகளைப் பார்த்தார். ஓட்டை வழியாக வெளிச்சம் வந்தது. அப்போதுதான் எனக்கும் உறைத்தது. தெருப்பக்கத்து ஜன்னலை மறைத்துத்தான் அலமாரியையே போட்டிருந்தார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம், கைக்கெட்டும் தூரத்தில், வேப்பமர நிழலில் ஒச்சம்மாள் இரண்டு பெண்களோடு உட்கார்ந்து புளி உடைத்துக்கொண்டிருந்தாள்.

"சத்தத்தைக் கொறைச்சு வச்சா?" என்று கேட்டார்.

"மதினிக்குக் கேக்காது."

"கூட்டுனா?"

"தெருவுக்குக் கேக்கும்."

தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். அந்த மனுஷன் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. "நீங்க பேசுங்க, தெருவை நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

வண்டியை வேப்பமரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போய், ஸ்டாண்ட் போட்டு, ஸ்டார்ட் செய்து, ஆக்சிலேட்டரை முறுக்கினேன். ரிப்பேர் பார்ப்பது மாதிரி குனிந்துகொண்டேன். என் வண்டியின் சைலன்சர் சத்தம் அருப்புக்கோட்டை வரைக்கும் பிரசித்தம். ஒச்சம்மாள், "ஏய்யா, இங்க வச்சுத்தான் உறுமணுமா? தூரமாப் போயிச் செய்யி" என்று ஏசினாள். நான் காது கேட்காதவன் மாதிரி இன்னும் கொஞ்சம் முறுக்கினேன்.

பத்து நிமிஷம் இருக்கும். அழகுத்தாய் மதினி வாசலுக்கு வந்து நின்றார்கள்.

"தம்பி! அந்த வண்டிய அமத்துங்க! அவுக பேசுறது எனக்குக் கேக்கல!"

"இல்ல மதினி, பிளக்குல கொஞ்சம்…"

"அமத்துங்கன்னா!"

அமர்த்திவிட்டேன். தெருவே நிசப்தமாகிவிட்டது. மதினி உள்ளே போய் நாற்காலியில் உட்காருவது கேட்டது. பிறகு அவர்களுடைய குரல். காது மந்தமானவர்களுக்குத் தங்கள் குரலின் அளவு தெரியாது. ஜன்னலையும் தாண்டி, மரத்தையும் தாண்டிக் கேட்டது.

"சொல்லுங்க. சம்மதம்னு தலையை ஆட்டுனீக. பெறகு?"

ஒச்சம்மாள் கையில் எடுத்த புளியங்கொட்டையோடு அப்படியே இருந்தாள். எனக்கு அந்த இடத்தை விட்டு ஓடிவிடலாம் போலிருந்தது. ஸ்பீக்கரில் அண்ணாச்சியின் மூச்சு மட்டும் கொஞ்ச நேரம் வந்தது. மறைக்கிறதுக்கு இனிமேல் ஒன்றும் இல்லை என்று அவருக்கும் புரிந்திருக்க வேண்டும்.

"அவ்வளவுதான் அழகு" என்று வந்தது குரல். "பொண்ணு வீட்டுக்காரவுகதான் வேண்டாம்னு சொன்னாக. நான் சொல்லல. நீ என்னைய ஒசத்திப் பேசுற ஒவ்வொரு தடவையும் எனக்கு நெஞ்சை அறுக்கும். என்னைய மன்னிச்சிரு."

"அவுக எதுக்கு வேண்டாம்னு சொன்னாகன்னு தெரியுமா?" என்று கேட்டார்கள் மதினி.

அவர் வாயைத் திறக்குமுன் மதினியே சொன்னார்கள்.

"நான் போயிச் சொன்னேன். நீங்க போயிட்டு வந்த அன்னைக்கு ராத்திரி ஒங்க மொகத்தைப் பாத்தே தெரிஞ்சுக்கிட்டேன், தலையாட்டிட்டுத்தான் வந்திருக்காருன்னு. மறுநாளு மொத பஸ்ஸுல திருச்சுழி போனேன். அந்தப் புள்ளைய தெருக் கொழாயடில பிடிச்சேன். எம்புருசன் நல்ல மனுசன் தாயி, ஒன்னைய ஒரு கொறையும் இல்லாம வச்சுக்கிடுவாரு, ஆனா என்னால அவரை விட்டுக் கொடுக்க முடியல, எனக்காக நீ வேண்டாம்னு சொல்லிருன்னு கையப் பிடிச்சேன். கொடத்தை அங்கனையே வச்சுட்டு அழுதுச்சு. அது புண்ணியவதி. அதுதான் வேண்டாம்னு நின்னுச்சு."

"அப்ப… தண்ணிகூடக் குடிக்காம வந்தாருன்னு ஊரெல்லாம் சொன்னியே?"

"பெறகு என்ன சொல்லச் சொல்லுறீக? பிள்ளையில்லாத பொண்டாட்டிய விட்டுட்டு வேற ஒருத்திக்குத் தலையாட்டுனாருன்னு ஊரு ஒங்களைப் பேசும். அதை நான் காதால கேக்கணுமா? அதான் நானே முந்திக்கிட்டு ஒரு கதையக் கட்டி விட்டேன். சொல்லிச் சொல்லி எனக்கே அது நெசமாயிருச்சு."

புளி உடைத்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். ஒச்சம்மாள் அவள் தொடையில் ஒரு தட்டுத் தட்டி, வாயில் விரலை வைத்துக் காட்டினாள். ஊரையே வம்புக்கு இழுக்கிற ஒச்சம்மாளின் கண் அப்படிக் கலங்கி நான் பார்த்ததே இல்லை. என் கண்ணைப் பற்றி நான் சொல்லப்போவதில்லை.

ஸ்பீக்கரில் அண்ணாச்சி அழுவது கேட்டது. குரல் இல்லாத மனுஷன் அழுதால் அது வெறும் மூச்சு முட்டலாகத்தான் வரும். ஆனால் மைக் எதையும் விடாது. நல்ல மைக்.

"இதுக்குத்தானா மூணு நாளா மென்னு முழுங்கிக்கிட்டு இருந்தீக?" என்றார்கள் மதினி. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "நான் என்னமோ ஆசுபத்திரிக்குப் போக மாட்டேன்னு சொல்லப்போறீகளோன்னு பயந்துகிட்டுக் கெடந்தேன். சரி, அது முடிஞ்சு போச்சு. வேற பேசுங்க."

"என்னத்தப் பேச?"

"எதையாச்சும். திங்கக்கெழமைக்குப் பெறகு நான் பேசுவேன், நீங்க கேப்பீக. இப்ப நான் கேக்கணும். நாளைக்குச் சாயங்காலம் வரைக்குந்தான இருக்கு. திட்டுறதுனாலும் திட்டுங்க, எனக்கு ஒங்க கொரலு கேட்டாப் போதும்."

பிறகு அண்ணாச்சி ஆரம்பித்தார். கிணற்று மோட்டாரைக் காலையில் எத்தனை மணிக்குப் போட வேண்டும், எத்தனை மணிக்கு நிறுத்த வேண்டும் என்று ஆரம்பித்து, சுமதி பிறந்த அன்றைக்குப் பெய்த மழைக்குப் போய், அங்கிருந்து எங்கெங்கோ போனார். மதினி நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒச்சம்மாள் புளிக்கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். மற்ற இருவரையும் கண்ணாலேயே எழுப்பினாள். மூன்று பேரும் சத்தமில்லாமல் நடந்து, தெருக் கோடிக்குப் போய் வெயிலிலேயே உட்கார்ந்தார்கள். நானும் வண்டியை ஸ்டார்ட் செய்யாமல், மெயின் ரோடு வரைக்கும் தள்ளிக்கொண்டே போனேன்.