பள்ளம் காட்டும் கை

தார் ரோட்டில் சைக்கிள் விடுபவர்களை அவள் ஒரு காலத்திலும் மதித்ததில்லை. பளபளவென்று உடுத்திக்கொண்டு, மெல்லிசுச் சக்கரத்தில், எறும்பு வரிசைபோல் போவார்கள். அதெல்லாம் ஒரு ஓட்டமா? சைக்கிள் என்றால் மலை, கல், வேர், சேறு. ஞாயிறுதோறும் அவளும் கணவனும் சைக்கிள்களைக் காரில் ஏற்றிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் போய், மலையில் ஓட்டிவிட்டு, ஆளடையாளம் தெரியாமல் சேறும் சிரிப்புமாகத் திரும்புவார்கள்.

மற்ற ஆறு நாளும் அவளுக்குப் பல்செட் செய்யும் கூடத்தில் வேலை. வாய் பிளந்து வரிசையாகக் கிடக்கும் பிளாஸ்டர் தாடைகளுக்கு மெழுகில் ஈறு வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருப்பாள். ஞாயிறன்று ஏற்றத்தில் பாதி தூரம் போவதற்குள் நாக்குத் தள்ளிவிடும்.

"மலை உங்க வீட்டுக்கு வராது அண்ணி. ரோடு வாசல்லயே இருக்கு," என்றாள் கணவனின் தங்கை. அவள் கணக்கு டீச்சர். காலை ஐந்தரைக்கு நாலு பேரைக் கூட்டிக்கொண்டு ரோட்டில் இருபத்தைந்து கிலோமீட்டர் போய்வருபவள். வேலைக்கு முன்னால் ஒரு மணி நேரம் போதும். கார் வேண்டாம், வந்து கழுவவும் வேண்டாம். வேண்டாவெறுப்பாகத்தான் அண்ணி ஒரு பழைய ரோடு சைக்கிளை வாங்கி அவர்களோடு சேர்ந்தாள். பத்தே நாளில் அதன்மேல் பைத்தியமாகிவிட்டாள்.

பதினோராம் நாள் வரிசைக்கு முன்னால் போகும் முறை அவளுக்கு வந்தது. எதிரே ஒரு பள்ளம். மலைக்காரிக்குப் பள்ளத்தைக் கண்டால் கேட்க வேண்டுமா? ஹேண்டில் பாரை இழுத்து, சைக்கிளோடு ஒரு துள்ளு துள்ளித் தாண்டினாள். அழகான துள்ளல்தான். ஆனால் பின்னால் ஒரு முழ இடைவெளியில் வந்துகொண்டிருந்த, அந்த நாலு பேரில் ஒருவரான தையல்காரருக்கு அவள் முதுகைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. நேராகப் பள்ளத்தில் இறங்கி, முழங்கை உரிந்து, சக்கரம் கோணி, நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"பள்ளம் இருந்தா ஒரு கை காட்டக் கூடாதாம்மா?" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. மலையில் அவரவர் பள்ளம் அவரவருக்கு. பின்னால் வருபவர்கள் தள்ளித்தான் வருவார்கள். ஹேண்டில் பாரிலிருந்து கையை எடுத்தால் மண்ணைக் கவ்வ வேண்டியதுதான்.

நாத்தனார் தனியாகக் கூப்பிட்டாள். "கோவிச்சுக்காதீங்க அண்ணி. முன்னாடி போறவங்க கண்ணுதான் பின்னாடி வர்றவங்களுக்கும் கண்ணு. கையை எடுத்துக் காட்டப் பழகுங்க. அடுத்த சனிக்கிழமை பார்ப்போம். அப்பவும் வரலைன்னா தனியா ஓட்டிக்குங்க." அண்ணி என்ற மரியாதையெல்லாம் பேச்சில்தான், மார்க் என்று வந்தால் அரைகூடச் சேர்த்துப் போட மாட்டாள்.

தனியாக இரண்டு நாள் ஓட்டிப் பார்த்தாள். உப்பில்லாச் சோறு. அந்த வரிசை அவளுக்கு வேண்டும். அதைவிட, அந்தத் தையல்காரர் மறுபடியும் தன்னை நம்பிப் பின்னால் வர வேண்டும்.

மாலையில் கார் நிறுத்தும் இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தாள். முதலில் சுண்டுவிரல், பிறகு இரண்டு விரல், பிறகு கை. கை எடுத்தவுடன் சைக்கிள் குடிகாரன்போல் ஆடியது. கணவன் மாடியிலிருந்து, "யாருக்கு டாட்டா காட்டுற?" என்றான். வேலையிடத்திலும் ஒரு கையால் மெழுகைத் தேய்த்தபடி மறு கையால் தரையைக் காட்டினாள். எதிரில் இருந்தவர் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டார்.

சனிக்கிழமை. தையல்காரர் வரிசையின் கடைசியில் போய் நின்றார். 'என் பின்னால் வாருங்கள்' என்று சொல்ல அவளுக்கு என்ன முகம் இருக்கிறது? அவளை முன்னால் விட்டுக் கிளம்பினார்கள். பள்ளம் காட்டினாள். ஜல்லி காட்டினாள். சாக்கடை மூடி காட்டினாள். ஒரு மர நிழலையும், யாரோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பையும்கூட விடவில்லை.

நாலு கிலோமீட்டர் தாண்டியதும் பின்னால் யாரோ இடம் மாறும் சத்தம். திரும்பிப் பார்த்தாள். தையல்காரர், ஒரு முழத்தில்.

"நிழலெல்லாம் வேண்டாம்மா. பள்ளம் மட்டும் போதும்," என்றார். அத்தனை சந்தோஷத்தில் அவளுக்கு அழுகையே வரும்போல் இருந்தது.

மறுநாள் மலை. ஏற்றம் முழுவதையும் நிற்காமல் ஏறிவிட்டாள். கணவன்தான் பாதியில் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மூச்சு வாங்க வந்து சேர்ந்தான். இறக்கத்தில் அவள் முன்னால் பறந்தாள். வளைவில் ஒரு பள்ளம். கை தானாகக் கீழே நீண்டது. அடுத்த நொடி சைக்கிள் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம்.

கணவன் சறுக்கிக்கொண்டு வந்து நின்றான். "எதுக்குக் கையை விட்ட?"

"பள்ளம் இருக்குன்னு காட்டினேன்."

"அதுக்குள்ளதான் உட்கார்ந்திருக்க."

அவளுக்கு அடி பலமில்லை என்று பார்த்துக்கொண்டு, அவனும் சைக்கிளைச் சாய்த்துவிட்டு அந்தப் பள்ளத்திலேயே இறங்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"பன்னெண்டு வருஷமா உன் பின்னாடி வரேன்," என்றான். "எனக்குன்னு நீ காட்டின முதல் பள்ளம் இது."