மொட்டை மாடி நஞ்சை

பள்ளிக்கூடத்து மொட்டை மாடியில் நெல் முளைத்திருக்கிறது என்று பியூன் வந்து சொன்னபோது, தலைமையாசிரியர் இளையபெருமாள் எட்டாம் வகுப்புக்குச் சதவீதம் நடத்திக்கொண்டிருந்தார். முளைத்தால் முளைக்கட்டும் என்று சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். இத்தனை வருஷ உத்தியோகத்தில் அதுவரை அவர் யோசிக்காமல் சொன்ன ஒரே வாக்கியம் அது. அதற்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

திருப்பனந்தாளுக்குக் கிழக்கே வேம்பக்குடியில் இருந்த அந்தக் கட்டிடத்துக்கு நூறு வயது தாண்டிவிட்டது. மிராசுதார் சிவசாமியின் முன்னோர் ஒருவர், வெள்ளைக்காரக் கலெக்டர் தம் வீட்டில் ஒருவேளை சாப்பிட்டுப் போன சந்தோஷத்தில் கட்டியது. தேக்கு உத்திரம், அதன்மேல் செங்கல், அதன்மேல் சுண்ணாம்புத் தளம். போன ஐப்பசியில் தளம் ஒழுகி, பிள்ளைகள் ஒரு கையில் குடை பிடித்துக்கொண்டு பரீட்சை எழுதினார்கள். பொறியாளர் வந்து அண்ணாந்து பார்த்தார். அடுத்த மழைக்குள் புதுத் தளம் போட்டு, அதன்மேல் தட்டோடு என்னும் தட்டை ஓடு பதிக்காவிட்டால் பள்ளியை மூடச் சொல்லி எழுதிவிடுவேன் என்றார். மூடினால் அடுத்த பள்ளிக்கூடம் மண்ணியாற்றுக்கு அக்கரையில். வெள்ளக் காலத்தில் ஆற்றைத் தாண்டி எந்த வீட்டிலும் பெண் பிள்ளையை அனுப்பமாட்டார்கள். அதை நினைத்தால் இளையபெருமாளுக்குச் சோறு இறங்கவில்லை.

சிவசாமிதான் பள்ளியின் தாளாளர். நில உச்சவரம்புச் சட்டம் இறுகியதும், அவருக்குத் திடீரென்று கல்வியின்மேல் பாசம் பொங்கி, நிலத்தில் பாதியைப் பள்ளிக்கூடத்தின் பேரில் எழுதிவைத்துவிட்டார். நிலம் பள்ளிக்கூடத்துடையது, விளைச்சல் மட்டும் பழக்கதோஷத்தால் அவர் களத்துக்கே வந்து சேர்ந்தது. இது ஊரில் ஆடு மாட்டுக்குக்கூடத் தெரியும். பத்திரத்தில் பள்ளிக்கூடம் பெரிய மிராசு, நிஜத்தில் அதற்குச் சாக்பீஸ் வாங்க வக்கில்லை.

ஆனாலும் தளத்துக்கு அவர் சம்மதித்தார். பள்ளி மூடப்பட்டால் அதன் பேரில் இருக்கும் நிலம் என்ன ஆகும் என்று வக்கீல் எடுத்துச் சொல்லியிருந்தார். வயல் கூலிக்குப் போகும் காளியம்மாளும் அவள் தெருப் பெண்களும் மேலே வரிசையாக உட்கார்ந்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்து, மரக்கட்டையால் தளத்தை அடி அடியென்று அடித்துக் கல்லாக்கினார்கள். கீழே இளையபெருமாள் அந்தச் சத்தத்துக்கு மேல் கத்திப் பாடம் நடத்தினார். தளம் வெடிக்காமலிருக்க, கொத்தனார் தட்டோடு பதிக்க வரும் நாள்வரை ஈரம் காயக் கூடாது. சுற்றிலும் களிமண் வரப்புக் கட்டித் தண்ணீர் நிறுத்தி, மேலே வைக்கோல் பரப்ப வேண்டும்.

அந்த வைக்கோலில்தான் வினை இருந்தது. அந்த வருஷம் குறுவை அறுப்பில் கூலித் தகராறு. ஆட்கள் நெல் தாள்களைக் கையால் ஒருமுறை அடித்ததோடு நிறுத்தி, மாடு கட்டிப் போரடிக்க மாட்டோம் என்று களத்தைவிட்டு எழுந்து போய்விட்டார்கள். போரடிக்காத வைக்கோலில் நெல் ஒட்டிக்கொண்டிருக்கும். களத்தில் கிடந்தால் யாராவது உதறி எடுத்துப் போய்விடுவார்கள் என்று சிவசாமி அத்தனையையும் பள்ளிக்கூட மாடியில் போட்டு, படிக்கட்டுக் கதவைப் பூட்டச் சொன்னார். தளத்துக்கு வைக்கோலும் ஆயிற்று, நெல்லுக்குக் காவலும் ஆயிற்று. காற்றில் பறக்காமலிருக்க அதன்மேல் வண்டல் சேற்றையும் கொட்டச் சொன்னார். காளியம்மாள் தினமும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள். அந்தக் குறுவை ரகமோ, ஈரம் பட்டால் கதிரிலேயே முளைக்கக்கூடியது.

பத்து நாளில் மாடி பச்சைப் பசேலென்று ஆனது. விவசாயத் தொழிலாளர் சங்கச் செயலாளர் வைரக்கண்ணு மேலே ஏறிப் பார்த்துவிட்டு, கைப்பிடிச் சுவரில் கொடியை நட்டார். தண்ணீர் பாய்ச்சிப் பயிர் வளர்த்தவள் காளியம்மாள், சாகுபடி செய்பவரை வெளியேற்றச் சட்டத்தில் இடமில்லை என்றார். விதை என்னுடையது, சேறு என்னுடையது, மாடியும் என்னுடையது என்று சிவசாமி பக்கத்திலேயே ஒரு வைக்கோல் பொம்மையை நிறுத்தினார். போலீஸ் வந்தது. உள்ளது உள்ளபடியே இருக்க வேண்டும் என்று படிக்கட்டில் ஒரு கான்ஸ்டபிளை உட்காரவைத்தது. அவர் மதியத்தில் கண்ணயர்ந்த நேரம் ஓர் ஆடு ஏறி மூலையில் கொஞ்சம் மேய்ந்துவிட, அதற்கு இரு தரப்பும் தனித்தனியாகப் பயிர்ச்சேத மனு கொடுத்தன.

தட்டோடு பதிக்க வந்த கொத்தனாரைக் கான்ஸ்டபிள் திருப்பி அனுப்பினார். வரப்பை வெட்டித் தண்ணீரை வடித்தால் பயிரை அழித்த குற்றம் என்றார். ஐப்பசி பிறக்கப் போகிறது. இளையபெருமாள் சிவசாமி வீட்டுக்கும் சங்க அலுவலகத்துக்கும் நடையாய் நடந்தார். தளத்தைப் பற்றி அவர் பேசினார், இரண்டு இடத்திலும் நிலத்தைப் பற்றிப் பதில் வந்தது.

கடைசியில் தாசில்தார் துரைராசு, கணக்குப்பிள்ளையோடும் அளவுச் சங்கிலியோடும் மாடி ஏறினார். தண்ணீர் நிற்பதால் நஞ்சை என்று தீர்மானம் ஆயிற்று. பாசன ஆதாரம் என்ற இடத்தில் கணக்குப்பிள்ளை வெகுநேரம் யோசித்து, குடம் என்று எழுதினார்.

"சாகுபடி யாரு?" என்றார் தாசில்தார்.

சிவசாமி வாயைத் திறப்பதற்குள் காளியம்மாள் முன்னால் வந்தாள்.

"நான்தாங்க. காளியம்மாள். புருசன் பேரு வேண்டாங்க, அவரு ஒரு கொடம்கூட தூக்கல."

அவள் நின்ற நிற்பைப் பார்த்து இளையபெருமாளுக்கு என்னவோ செய்தது. ஊரில் பாதி வயல் அவள் கைபட்டு விளைந்தது. அவள் பேரை ஒருவரும் இதுவரை கேட்டதில்லை. கேட்டதும் கேட்டார்கள், சுண்ணாம்புத் தளத்தின்மேல் வைத்தா கேட்க வேண்டும்? இவளுடைய மகள் பொன்னுத்தாய்தான் எட்டாம் வகுப்பில் அவருடைய முதல் பெஞ்சு. தளம் போனால் அவள் படிப்பும் போகும். அவருக்கு இரண்டு பக்கமும் நியாயமாகவும் இரண்டு பக்கமும் பைத்தியக்காரத்தனமாகவும் பட்டது. தலை சுற்றிப்போய்க் குனிந்து பயிரைப் பார்த்தார். சாண் உயரத்துக்கு மேல், ஒன்றோடொன்று நெருங்கி நின்றது.

"சார், இது பயிரே இல்லீங்களே. நாத்து. நாத்த பறிச்சா அழிச்சதா ஆகாது. பறிக்காம வச்சிருந்தாதான் அழியும்," என்றார் இளையபெருமாள்.

தாசில்தார் முகம் தெளிந்தது. தப்பித்தால் போதும் என்று அவரும் தவித்துக்கொண்டிருந்தார். வைரக்கண்ணுவும் சிவசாமியும் அந்த ஒரு விஷயத்தில் ஒத்துப்போய்த் தலையாட்டினார்கள், நாற்றுதான்.

"பறிச்சிடுறேன் சார்," என்றாள் காளியம்மாள். "பறிச்சு எங்க நடுறது?"

இளையபெருமாளுக்கு வேண்டியது காய்ந்த தளம், வேறொன்றும் இல்லை. அந்த அவசரத்தில் வாய் தானாகப் பேசிவிட்டது.

"பள்ளிக்கூடத்து நெலத்துல நடுங்க."

"எந்த நெலம்யா?" என்றார் சிவசாமி.

"ஐயா எழுதிவச்ச நெலம்தாங்க."

சிவசாமியின் முகத்தில் ரத்தம் ஏறி இறங்கியது. தாசில்தார் பேனாவைத் திறந்துகொண்டு, அது பள்ளிக்கூடத்து நிலம்தானே என்று மிகுந்த மரியாதையோடு கேட்டார். ஆமாம் என்றால், நாற்று நட, பள்ளிக்கு எதிரே ரோட்டோரத்தில் இருக்கும் துண்டு கையைவிட்டுப் போகும். இல்லை என்றால் அத்தனையும் உச்சவரம்பில் போகும். சிவசாமி தம் வைக்கோல் பொம்மையைப் பார்த்தார்.

"ஆமா," என்றார்.

அன்று சாயங்காலத்துக்குள், பறித்துக் கட்டிய நாற்று முடிகள் கைப்பிடிச் சுவரைத் தாண்டிக் கீழே விழுந்துகொண்டிருந்தன. வரப்பு உடைந்தது, தளம் காய்ந்தது, கொத்தனார் ஓடி ஓடித் தட்டோடு பதித்தார். பொறியாளர் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் படியிறங்கும்போதே தூறல் விழுந்தது. அடுத்த வருஷம் தாம் தலைமையாசிரியராக இருக்கப் போவதில்லை என்பதைச் சிவசாமி வணக்கத்துக்குப் பதில் வணக்கம் சொல்லாததிலிருந்தே இளையபெருமாள் தெரிந்துகொண்டார்.

மறுநாள் நல்ல மழை. எட்டாம் வகுப்பில் அவர் முதலில் கூரையைப் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. பிறகு வருகைப் பதிவேட்டை எடுத்தார். புது ஆட்சி வந்த பிறகு அங்கே 'பிரசன்ட் சார்' போய் 'உள்ளேன் ஐயா' வந்திருந்தது.

"பொன்னுத்தாய்."

முதல் பெஞ்சு காலி. நடவு வந்தால் அந்தத் தெருப் பிள்ளைகள் யாராவது ஒருவர் வயலில் நிற்பார்கள், அவர் வருத்தத்தோடு 'இல்லை' என்று குறிப்பார். வருஷா வருஷம் நடப்பதுதான். இருந்தும் இன்றைக்கு அவர் பேனாவை எடுக்கவில்லை. இவ்வளவு பாடுபட்டு யாருக்காகத் தளம் போட்டோம் என்று இன்னொரு முறை உரக்கக் கூப்பிட்டார்.

"உள்ளேன் ஐயா."

குரல் ஜன்னலுக்கு வெளியிலிருந்து வந்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கம், கொட்டும் மழையில், முழங்கால் சேற்றில் அம்மாவுக்குப் பக்கத்தில் கையில் நாற்று முடியோடு நின்றிருந்தாள்.

"எங்க வயலு சார். இந்த ஒரு பத்திய நட்டுட்டு வந்துடுறேன்."

பிள்ளைகள் எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். இளையபெருமாள் கொஞ்சமும் யோசிக்கவில்லை. அதுவும் பள்ளிக்கூடத்து நிலம்தானே. பேனாவை எடுத்து அவள் பேருக்கு நேரே, வந்திருக்கிறாள் என்று குறித்தார்.