ஃப்ளோர்ஸின் வண்டி

க்ரான்டல் பண்ணையின் வண்டி, அதன் குதிரைகள் இரண்டும் செத்துப் பதினோராம் நாள், குதிரை இல்லாமலேயே தேவாலயத்துக்குப் போய் வந்தது. அதற்கெல்லாம் முன்பு, கடைசியாகச் சாதாரணமாக நடந்த காரியம், வண்டிக்காரன் ஃப்ளோர்ஸ் காபியைச் சாசரில் ஊற்றி ஆற்றிக் குடித்ததுதான். பனி காயும்வரை லாயக் கதவைத் திறப்பதில்லை என்பது அந்தப் பள்ளத்தாக்கில் கோடைக் கடைசியின் சட்டம். பனிப்புல்லில் வாய் வைத்த குதிரை ஒரு வாரம் தாங்காது. அன்று பண்ணை முதலாளி மால்ஹெர்ப் ஐயாவின் பேத்திக்கு ஞானஸ்நானம்.

"பனி இன்னும் காயலைங்க ஐயா."

"பாதிரியார் உன் பனிக்காகக் காத்திருப்பாரா? வண்டியைப் பூட்டு."

பூட்டினான். குழந்தைக்கு உடை மாட்டி முடியவில்லை. வாசலில் நின்று நின்று குதிரைகள் பனிப்புல்லுக்குக் கழுத்தை நீட்டின. பாவம் என்று ஃப்ளோர்ஸே கடிவாளத்தைத் தளர்த்திவிட்டான். ஏழாம் நாள் இரண்டும் மூக்கில் நுரை கக்கிச் செத்தன. அன்றிலிருந்து ஃப்ளோர்ஸ் சோற்றைத் தொடவில்லை. நான்காம் நாள் காலை, வெறும் லாயத்து வைக்கோலில், ஒரு நோயும் இல்லாமல் இறந்துபோனான்.

அவன் மனைவி காத்ரினிடம் ஐயா தொப்பியைக் கழற்றிக்கொண்டுதான் சொன்னார்: "திராட்சை அறுவடை முடியற வரைக்கும் இரும்மா. அப்புறம் அந்த வீடு புது வண்டிக்காரனுக்கு வேணும்." பன்னிரண்டு வருஷம் வாழ்ந்த வீடு. போக வேறு இடம் கிடையாது.

குதிரைகள் செத்த பதினோராம் நாள், ஞாயிற்றுக்கிழமை, வண்டியின் ஏர்க்கால் தரையைவிட்டு எழும்பி, குதிரைமார்பு உயரத்தில் நின்றது. வார்கள் விறைத்தன. இரண்டு ஆட்கள் ஏறி அதட்டினார்கள், சக்கரம் அசையவில்லை. ஃப்ளோர்ஸின் மேல்கோட்டை எடுக்க ஏறிய காத்ரின், பழக்கதோஷத்தில் "போலாமா, கண்ணுங்களா" என்றாள். கிளம்பிவிட்டது. ஐயா வீட்டார் வழக்கத்தைவிடக் கால்மணி நேரம் முன்னதாகவே தேவாலயத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பக்கத்து நகரமான வெல்லிங்டனிலிருந்து வந்த புது வண்டிக்காரன் ஒரு நாள் முழுக்க வண்டிமேல் உட்கார்ந்து பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பினான். வீட்டைப் பற்றி ஐயா பிறகு வாய் திறக்கவில்லை.

"தீனி வேண்டாம், லாடம் வேண்டாம். என் பொழப்புல மண்ணைப் போட்டியே அக்கா" என்றான் கொல்லன் அப்தோல்.

"மண்ணைப் பாத்துட்டுப் பேசு. இடது முன்னங்கால் லாடம் கழண்டிருக்கு."

வண்டித்தடத்தில் குளம்புச்சுவடுகளைக் குனிந்து பார்த்தான். உண்மைதான். காற்றில் தடவி, காலைத் தூக்கி மடியில் வைத்து, புது லாடம் அடித்தான். லாடம் மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது. கூலியில் ஒரு காசு குறைக்கவில்லை.

பத்தொன்பது வருஷம் போயிற்று. ஞானஸ்நானக் குழந்தை அதே வண்டியில் மணப்பெண்ணாகப் போனாள். காத்ரினுக்கு முடி நரைத்தது. அவள் இன்றும் ஓட்டுபலகையில் இடப்பக்கம் உட்கார்ந்துதான் ஓட்டுகிறாள். பலகைமேல் உள்ள தோல் மெத்தையில் இரண்டு முறை புதிதாகக் குதிரைமயிர் அடைத்தாகிவிட்டது. ஃப்ளோர்ஸ் உட்காரும் வலப்பக்கத் தோல் மட்டும், ஓர் ஆள் உட்கார்ந்த அளவுக்கு, பள்ளமாகவே இருக்கிறது.