சீனத்து மண்

முகைதீன் பாய்க்கு நண்டு என்றால் உயிர். அந்த மனுஷன்தான் போன ரமலானிலிருந்து நண்டை முகர்ந்துகூடப் பார்க்காமல் கிடந்தார்.

எல்லாம் மகள் நிலோஃபரின் சம்பந்தத்தால் வந்தது. இவர்கள் ஷாஃபி மத்ஹப் என்ற மார்க்கப் பிரிவு. நண்டு தின்னத் தடையில்லை. மாப்பிள்ளையின் அப்பா ஹஸ்ஸானோ ஹனஃபி பிரிவு. அந்த வீட்டில் நண்டு ஆகாது. பெண் பார்க்க வந்த அன்றே ஹஸ்ஸானின் மனைவி நூருன்னிசா நைசாக விசாரித்தாள்.

"எங்க வூட்டு வாசப்படிய நண்டு மிதிச்சதே இல்ல" என்று முகைதீனின் மனைவி சைதா கூசாமல் சொல்லிவிட்டாள்.

அன்றோடு மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையிலிருந்த முகைதீன் வீட்டில் நண்டுச் சட்டியைக் கவிழ்த்தாயிற்று. நிலோஃபரோ கட்டினால் அந்தப் பையனைத்தான் என்று ஒற்றைக்காலில் நின்றாள். பாவம், அப்பன் வாயைக் கட்டிக்கொண்டார்.

குடை கொள்முதலுக்குச் சீனா போன இடத்தில் கட்டு அவிழ்ந்தது. கடலோரச் சிற்றூர் ஒன்றில், தொட்டியில் ஊர்வதைக் கைகாட்டினால் போதும், இஞ்சி போட்டு அவித்துக் கொண்டுவந்து வைத்தார்கள். முகைதீன் கைகாட்டினார். மறுபடியும் காட்டினார்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். தின்று முடித்த நண்டின் ஓட்டைக் கழுவி, சிவப்பு அரக்கு பூசி, பொன்வரியில் சாமந்திப்பூ எழுதி, தின்றவர் கையிலேயே கொடுப்பார்கள். விலைக்குக் கேட்டால் கிடைக்காது, தின்றால்தான் கிடைக்கும். கடைவீதியில் வாங்கிய சிப்பிச் சீப்பு, மூங்கில் விசிறியோடு, கிடைத்த ஓடுகளில் ஒன்றையும் பெட்டியில் வைத்தார். வீச மனசு வரவில்லை.

பெட்டியைப் பிரித்த சைதாவிடம், "மண்ணுல செஞ்சது" என்றார். அதோடு விட்டாரா? "பார்த்துப் பார்த்து வாங்குனேன்" என்று வேறு சேர்த்தார்.

நிச்சயத்துக்கு நாள் குறிக்கப் போன அன்று, சம்பந்தி வீட்டுக் கூடத்தில் சைதா ஒரு பட்டுத்துணியைப் பிரித்தாள். உள்ளே அந்த ஓடு. நாக்கு ருசிக்கு மகளின் வாழ்க்கையை அடகு வைத்துவிட்டோமே என்று முகைதீன் தன்னையே நொந்துகொண்டார்.

ஹஸ்ஸான் அதை வாங்கினார். அடிப்பக்கத்தைத் திருப்பினார். முகைதீனை நிமிர்ந்து பார்த்தார்.

"சீனத்து மண்ணு, சம்பந்தி," என்றாள் சைதா பெருமையாக.

"தெரியுமே," என்று எழுந்த நூருன்னிசா கண்ணாடி அலமாரியைத் திறந்தாள். அதே சிவப்பில், அதே சாமந்தியோடு மூன்று ஓடுகள் வரிசையாக இருந்தன. "இவுக போன வருசம் சரக்கெடுக்கப் போனப்போ கொண்டாந்தாக. மழை பெஞ்சா மட்டும் ஒரு வாடை அடிக்கும்."

"அந்த ஊரு மண்ணு அப்படித்தான்," என்றார் ஹஸ்ஸான் தரையைப் பார்த்தபடி.

"நல்ல மண்ணு," என்றார் முகைதீன்.

வரும் வெள்ளிக்கிழமையே நிச்சயத்தை வைத்துக்கொள்ளலாம் என்று சம்பந்திகள் இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். இனி சீனாவுக்குச் சரக்கெடுக்கப் போனால் சேர்ந்தே போவதாகவும் அங்கேயே பேசி முடித்தார்கள்.