ஆறு மணி ஒத்திகை

அப்பாவின் சட்டைக்குக் கடைசிப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது, வாசலில் யாரோ தயங்கி நிற்பதை மகள் பார்த்தாள். தையல்காரி. அப்பாவின் நாடகத்தில் அரசியாக நடிப்பவள்.

"உள்ள வரலாமாக்கா? சார் எங்களை வரவேணாம்னாரே..."

மகளுக்குச் சுருக்கென்றது.

அப்பா பழைய இலக்கியத்தைக் கரைத்துக் குடித்த பேராசிரியர். அவருடைய ஆராய்ச்சிப் புத்தகங்களைப் படித்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நாடகத்துக்குத்தான் கூட்டம் அலைமோதும். தையல்காரி, பஸ் கண்டக்டர், தபால்காரர் என்று கையில் அகப்பட்டவர்களையெல்லாம் பிடித்துவந்து செய்யுள் பேச வைத்துவிடுவார். பக்கவாதம் வந்து பேச்சுப் போனபிறகாவது மனுஷன் விட்டாரா? தினம் ஆறு மணிக்குக் கட்டிலைச் சுற்றி ஒத்திகை. கையில் ஒரு ஸ்பூன். கட்டில் கம்பியில் ஒரு தட்டு தட்டினால் நிறுத்து. இரண்டு தட்டினால் முதலிலிருந்து.

மூன்று மாதம் மகள் பல்லைக் கடித்துக்கொண்டு டீ போட்டாள். ஆபீஸ், சமையல், அப்பாவின் அழுக்குத் துணிகள், போதாக்குறைக்கு ஆறு பேரின் கூச்சல். போன வாரம் அவர்களை வாசலிலேயே மறித்து, "உங்க நடிப்பு பிடிக்கலைன்னு அப்பா எழுதிக் காட்டிட்டாரு. இனிமே வரவேணாமாம்" என்றாள். உள்ளே வந்து, "அவங்களுக்கெல்லாம் வேற வேலையாம்ப்பா, வரமாட்டாங்க" என்றாள்.

அதற்குப்பிறகு வீடு நிம்மதியாகத்தான் இருந்தது. நிம்மதியாவது, வெங்காயமாவது! ஆறு மணியானால் அப்பா இரண்டு தட்டு தட்டுவார். வாசலைப் பார்ப்பார். மறுபடி தட்டுவார். நேற்று அந்த ஸ்பூனையும் பிடுங்கி அலமாரியில் வைத்துவிட்டாள். இன்று விடிகாலையில் போய்விட்டார்.

"நான் சரியா பேசலைன்னு எனக்கே தெரியும்க்கா." தையல்காரி மூக்கை உறிஞ்சினாள். "அந்த மூணாவது காட்சி மட்டும் நாக்குல நிக்கவே மாட்டேங்குது. சார் என்மேல கோபத்தோடயே போயிட்டாரா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. அது நாக்கு நுனிவரை வந்தும்விட்டது. சீ, நானும் ஒரு மகளா என்றிருந்தது அவளுக்கு.

"அவரு எதுவும் எழுதலை. நான்தான் பொய் சொன்னேன். அவர்கிட்டயும்... நீங்கதான் வரமாட்டேன்னுட்டீங்கன்னு சொல்லிட்டேன்."

தையல்காரி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்கிட்ட சொல்லிட்டீங்க. சார்கிட்ட?"

மகள் கட்டிலருகே மண்டியிட்டு, "அப்பா..." என்று அவர் காதோரம் குனிந்தாள்.

உடம்பைத் துடைத்துவிட வந்த நர்ஸம்மா காலையிலேயே அவர் காதில் பஞ்சை அடைத்துவிட்டுப் போயிருந்தாள்.